காலி செய்த வீட்டின் சாவிகள்

வாடகை வீட்டைக் காலி செய்கிறவன் சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்புவித்து, கொடுத்திருந்த முன்பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பால்காரனிடமும் பத்திரிகை போடும் பையனிடமும் புது விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போகிறான். அப்படியன்றி, பத்து வீடு மாறிய ஒருவன் பத்து வீட்டுச் சாவிகளையும் அந்தந்தத் திண்ணையிலேயே போட்டுவிட்டு, ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் தன் நிலப்பத்திரத்தின் நகல் ஒன்றையும் விட்டுச் சென்றான் என்று கேள்விப்பட்டால், அவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றே நாம் முடிவு செய்வோம். ஆயினும் கைப்பேசியும் மின்னஞ்சலும் வைத்திருக்கிற நம்மில் ஏறக்குறைய எல்லோரும் செய்திருப்பது அதுவேயாகும். என்றோ ஒரு நாள் ரயில் சீட்டு வாங்கத் திறந்த கணக்கு, ஒரே ஒரு புஸ்தகம் தருவிப்பதற்காகப் பெயர் பதிந்த கடை, பையனுடைய பரீட்சை முடிவைப் பார்க்க இறக்கிய செயலி, உத்தியோகம் தேடிய காலத்தில் சுயவிவரம் முழுவதையும் எழுதி வைத்த தளம் - இவையெல்லாம் நாம் குடி பெயர்ந்த வீடுகள். சாவி இன்னும் திண்ணையிலேயே கிடக்கிறது.

இதனால் விளைவது யாது என்பதற்கு அமெரிக்க தேசத்துப் பத்திரிகையாளர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். விஷயம் பழையதுதான். ஆனால் இதைவிடத் தெளிவான பாடம் இன்று வரை நம் கண்ணில் படவில்லை.

மாட் ஹோனன் என்பவர் கணினித் துறையைப் பற்றி எழுதும் 'வயர்டு' பத்திரிகையின் எழுத்தாளராக அப்போது இருந்தார். ஸான் பிரான்ஸிஸ்கோ நகரவாசி. 2012-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3-ந் தேதி மாலை, அவர் தம் சிறு பெண் குழந்தையோடு விளையாடிக்கொண்டிருக்கையில் கைப்பேசி திடீரென்று அணைந்து போயிற்று. மீண்டும் இயக்கினால், கடையிலிருந்து அன்றுதான் வாங்கி வந்ததுபோல ஆரம்பப் பக்கத்தைக் காட்டிற்று. ஏதோ கோளாறு என்று எண்ணி மடிக்கணினியைத் திறந்தார். மின்னஞ்சல் கடவுச்சொல் தவறு என்று அது சொல்லிற்று. அடுத்த நொடியில் திரை சாம்பல் நிறமாகி, நான்கு இலக்க எண் ஒன்றைக் கேட்டது. அப்படி ஓர் எண்ணை அவர் வைத்ததே இல்லை. அப்பொழுதுதான் தாம் கொள்ளை போய்விட்டோம் என்பது அவருக்கு விளங்கிற்று.

பின்னர் அவர் தேடித் திரட்டி எழுதிய விவரங்களின்படி, அன்று மாலை 4 மணி 33 நிமிஷத்தில் ஆப்பிள் கம்பெனியின் உதவி இலாகாவுக்கு ஒருவன் தொலைபேசியில் பேசி, 'நானே மாட் ஹோனன்' என்றான். 5 மணி 5 நிமிஷத்துக்குள் அவருடைய ஆப்பிள் கணக்கும், கூகிள் கணக்கும், அந்நாளில் டுவிட்டர் என்று வழங்கிய தளத்திலிருந்த கணக்கும் கைமாறிவிட்டன. கைப்பேசியும் பலகைக் கணினியும் துடைக்கப்பட்டு மடிக்கணினிக்கும் அழிவு தொடங்கியது. எல்லாம் 32 நிமிஷம்! ஒரு மனிதனின் எட்டாண்டு கடிதப் போக்குவரத்தையும், குழந்தை பிறந்தது முதல் எடுத்த படங்களையும் பறிப்பதற்கு, ஒரு கச்சேரி வர்ணத்திலிருந்து தொடங்கிச் சூடு பிடிக்கும் நேரம் போதுமாயிருந்தது.

இவ்வளவையும் செய்தவர்கள் அபார வித்தை கற்ற நிபுணர்களோ என்றால், அல்லர். அவர்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. ஹோனனுடைய ஜீமெயில் கணக்கில் 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்ற இடத்தைத் தொட்டதும், மீட்புக் கடிதம் எந்த முகவரிக்குப் போகும் என்பதை அத்தளமே பாதி மறைத்துப் பாதி காட்டிவிட்டது. அது ஆப்பிள் கம்பெனியின் அஞ்சல் முகவரி. அக்கம்பெனியோ, கடன் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களும் வீட்டு விலாசமும் சொன்னால் கணக்கைத் திறந்துவிடும் வழக்கமுடையதாக அப்போது இருந்தது. வீட்டு விலாசம், அவர் தம் சொந்த வலைத்தளத்துக்குப் பெயர் பதிந்த பொதுப் பதிவேட்டிலேயே கிடைத்தது. எஞ்சியது நான்கு இலக்கம். அதற்கு அமேஸான் கடைக்குப் பேசினார்கள். பெயர், அஞ்சல் முகவரி, விலாசம் மூன்றையும் சொல்லி, 'என் கணக்கில் புதிய அட்டை ஒன்றைச் சேருங்கள்' என்றார்கள்; சேர்த்தார்கள். மறுபடியும் பேசி, 'கணக்கைத் திறக்க இயலவில்லை' என்று சொல்லி, தாங்களே சற்றுமுன் சேர்த்த அட்டையின் எண்ணைச் சாக்ஷியாகக் கொடுத்து, ஒரு புதிய அஞ்சல் முகவரியைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு உள்ளே நுழைந்து பார்த்தால், பழைய அட்டைகளின் கடைசி நான்கு இலக்கங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு கம்பெனி எவரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருந்த அதே எண்ணை, மற்றொரு கம்பெனி ஆளை அடையாளம் காணும் இரகசியமாகக் கொண்டிருந்தது! இச்செய்தி வெளியானவுடன் இரண்டு கம்பெனிகளும் அவ்வழக்கங்களை அவசரமாக நிறுத்தின என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திருடர்கள் நாடியது பணமும் அன்று. டுவிட்டரில் அவருக்கிருந்த மூன்றெழுத்துப் பெயரின் மேல் ஆசை, அவ்வளவே. மற்ற அழிவெல்லாம் அவர் திரும்பி வந்து அதை மீட்டுக்கொள்ளாமல் இருப்பதற்காகச் செய்தது. குழந்தையின் படங்களுக்கு வேறு நகல் அவரிடம் இல்லை. மடிக்கணினியின் அழிவு பாதியில் நிறுத்தப்பட்டமையால், பிற்பாடு நிபுணர்களிடம் கொடுத்து, 1,600 டாலருக்கு மேல் செலவழித்து, படங்களைப் பெருமளவு மீட்டார். அது தெய்வாதீனம்.

இச்சரித்திரத்தில் பலரும் கவனியாது விடும் ஒரு பகுதி உண்டு. ஹோனன் அதற்கு முன் 'கிஸ்மோடோ' என்ற வேறொரு பத்திரிகையில் வேலை பார்த்தவர். அங்கிருந்து விலகிய பின்னும், அப்பத்திரிகையின் டுவிட்டர் கணக்கோடு தம் கணக்குக்கு இருந்த இணைப்பை எவரும் அறுக்கவில்லை. விளைவு, அன்று மாலை அப்பத்திரிகையின் பெயராலும் ஆபாசச் சொற்கள் ஊரெங்கும் பரவின. தம்மிடம் இருப்பதையே மறந்துபோன ஒரு சாவியால், தாம் விட்டுப்போன காரியாலயத்துக்கு அவர் அவமானம் தேடிக் கொடுத்தார்.

கடவுச்சொல்லைப் பலமாக வையுங்கள் என்று உபதேசம் செய்யப் பலர் இருக்கிறார்கள். அது வேண்டியதே. ஆனால் பூட்டைப் பலப்படுத்துவதற்கு முன் கதவுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதே நமது கட்சி. வேண்டாததை ஒழிப்பதும் வேண்டியதைக் காப்பதும் இரண்டு காரியங்கள் என்று ஜனங்கள் எண்ணுகிறார்கள். முன்னது வீட்டு ஸ்திரீகளின் சுத்தம் போலவும், பின்னது போலீஸார் வேலை போலவும் கருதுகிறார்கள். அது பிழை. நம்மிடமும் பிறரிடமும் இல்லாத காகிதத்தை எந்தத் திருடனாலும் திருட முடியாது.

இன்னும் இரண்டு உதாரணங்கள் போதும். 2021-ம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரியெண்ணெய் கொண்டு செல்லும் கொலோனியல் பைப்லைன் என்ற பெருங்குழாய் பல நாள் நிறுத்தப்பட்டது. அக்கரைக்கு வேண்டிய எரிபொருளில் ஏறக்குறைய பாதி அக்குழாய் வழியே செல்வது. பெட்ரோல் கடைகளின் முன் வண்டிகள் வரிசை நின்றன. கம்பெனி 44 லக்ஷம் டாலர் கப்பம் கட்டிற்று. திருடர் நுழைந்த வழி எது? உபயோகத்தில் இல்லாத, ஆனால் மூடப்படாத ஒரு பழைய கணக்கு. அதன் கடவுச்சொல் வேறெங்கோ களவு போன சொற்களின் குவியலில் கிடந்தது. இரண்டாவது அடையாளம் எதையும் அந்த வாயில் கேட்கவில்லை. நமது தேசத்தில், அதே மே மாதத்தில், ஏர் இந்தியா தன் பிரயாணிகளில் சுமார் 45 லக்ஷம் பேருடைய விவரங்கள் வெளிப்பட்டன என்று அறிவித்தது. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட்டு விவரம் முதலியன அவற்றில் அடங்கும். அவை 2011 ஆகஸ்டு முதல் 2021 பிப்ரவரி வரை பதிவானவை. 2011-ல் ஒரு தடவை விமானம் ஏறி இறங்கியவனுடைய பிறந்த தேதி பத்தாண்டு கழிந்து களவு போயிற்று. பிரயாணம் மூன்று மணி நேரம். பதிவு பத்து வருஷம்!

நிற்க. 'இதெல்லாம் பெரிய மனிதர்களுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும்தானே? என்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?' என்று நமது அன்பர்கள் கேட்பார்கள். பொதுக் காரியங்களில் உழைக்கும் அன்பர்களே இதை அதிகமாகக் கேட்கிறார்கள். அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் வழங்கும் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ல் புட்டசாமி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். குளிக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் போடுகிறவனைக் குற்றவாளி என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் அந்த வாதம் இங்கே வேண்டியதில்லை. நாம் கேட்பது வேறு. ஐயா, உமது கைப்பேசியில் இருப்பது உம்முடையது மட்டுமா? சங்கத்து அங்கத்தினர் ஜாபிதா, சந்தா கொடுத்தவர்களின் பெயரும் தொகையும், கூட்டத்துக்கு வந்த பெண்மணிகளின் தொலைபேசி எண், கஷ்டத்தில் உதவி கேட்டு வந்தவர் அனுப்பிய ஆதார் படம், ஆஸ்பத்திரிச் சீட்டு - இவற்றை அவர்கள் உம்மை நம்பிக் கொடுத்தார்கள். உமக்கு ஒளிக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அவர்களுக்கும் இல்லை என்று சொல்ல உமக்கு அதிகாரம் யார் கொடுத்தார்? வக்கீல் தொழிலில் கட்சிக்காரனுடைய காகிதத்தை மேஜையில் திறந்து போட்டுவிட்டுப் போகிறவனுக்கு என்ன பெயரோ, அதே பெயர் இதற்கும் பொருந்தும்.

நாமும் யோக்கியர் அல்லோம். நமது காரியாலயத்தை விட்டு நல்ல முறையில் விலகிச் சென்ற ஓர் உதவியாளரின் பெயர், ஆசிரியர் இலாகாவின் பொது அஞ்சல் பெட்டியில் பதினான்கு மாதம் அப்படியே இருந்தது. அவர் உத்தமர், ஒரு கடிதத்தையும் திறக்கவில்லை. ஆனால் அவர் தம் பழைய கைப்பேசியைக் கடையில் விற்க நினைத்தபோதுதான், நம் பெட்டி அதில் திறந்தபடியே இருப்பதைக் கண்டு நமக்குத் தெரிவித்தார். பெயர் வெளியிட வேண்டாம் என்று நிருபர்களுக்கு எழுதியவர்களின் கடிதங்கள் அப்பெட்டியில் இருந்தன. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அதன் பின் வந்த ஞாயிற்றுக்கிழமையில் நம்முடைய சொந்தக் கணக்குகளை எண்ண உட்கார்ந்தோம். முப்பது இருக்கும் என்பது நம் மதிப்பு. அஞ்சல் பெட்டியில் 'வரவேற்கிறோம்', 'உங்கள் முகவரியை உறுதி செய்க' என்று பொருள்படும் கடிதங்களைத் தேடித் தேடிக் குறித்ததில் 122 வந்தது. அவற்றில் 19 மட்டுமே நமக்கு உண்மையில் வேண்டியவை. மற்றவற்றை மூடுவதற்கு நான்கு ஞாயிறுகள் ஆயின. இங்கே ஓர் எச்சரிக்கை. கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கிவிட்டால் கணக்கு மூடியதாகாது. அது கடையின் பெயர்ப்பலகையை நம் கண்ணிலிருந்து மறைப்பது மாத்திரமே. பேரேடு கடைக்காரனிடம் இருக்கிறது. உள்ளே சென்று, சேர்த்து வைத்த அட்டை எண்ணையும் விலாசத்தையும் முதலில் அழித்து, பிறகு கணக்கையே ஒழிக்கும்படி கேட்க வேண்டும். அவ்வசதியைச் சில ஸ்தாபனங்கள் ஏழு கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கின்றன. சேரும்போது மட்டும் வாசலிலேயே தாம்பூலம்! 2023-ல் இயற்றிய எண்முறைத் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய விவரத்தை அழிக்கச் சொல்லும் உரிமையைக் குடிகளுக்குக் கூறுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியக் கடமைகளை நிறைவேற்ற ஸ்தாபனங்களுக்கு அதற்கு மேலும் 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். சட்டம் வந்து கை கொடுக்கும் என்று காத்திராமல் நாமே துடைப்பத்தை எடுப்பது நலம்.

அழிக்கத் தகாதது எது என்பதையும் வக்கீல் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். வழக்கிலோ விசாரணையிலோ ஆஜர்படுத்த வேண்டிவரும் காகிதத்தையோ மின்பதிவையோ, அதைத் தடுக்கும் நோக்கத்தோடு அழிப்பது பாரதீய நியாய ஸம்ஹிதையின் 241-ம் பிரிவின்படி குற்றம். வீட்டைப் பெருக்குகிறேன் என்று சாக்ஷியத்தைப் பெருக்கிவிடலாகாது. அதுபோலவே வரிக் கணக்கு, கிரயப்பத்திரம், பாங்குச் சீட்டு, பெரியவர்களின் படங்கள் ஆகியவற்றை இரண்டு இடங்களில் நகல் செய்து வைத்த பின்பே மற்றதைத் தொட வேண்டும். நகல்களில் ஒன்று கணினியோடு இணையாமல் பெட்டியில் தனியே கிடக்கட்டும். ஹோனனிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் அவருடைய நஷ்டம் ஒரு மாலைப்பொழுதின் எரிச்சலோடு போயிருக்கும்.

இனி, எஞ்சி நிற்கும் கதவுகளின் பூட்டைப் பற்றி. அவை எல்லாவற்றுக்கும் தாய்ச்சாவி ஒன்று உண்டு. அது பாங்குக் கணக்கு அன்று, மின்னஞ்சலே. மற்ற எந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்தாலும் புதியது வந்து சேருவது அந்தப் பெட்டிக்கு. ஆகையால் அதற்கு வேறெங்கும் வழங்காத தனிக் கடவுச்சொல் இருத்தல் அவசியம். பெரிய எழுத்து ஒன்று, சிறிய எழுத்து ஒன்று, நக்ஷத்திரக் குறி ஒன்று என்று கலந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருக்கும் பழைய வைதிகத்தை, அதைப் பரப்பிய அமெரிக்கத் தர நிர்ணய ஸ்தாபனமே 2017-ல் கைவிட்டது. நீளமே பலம். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும், ஊகிப்பதும் கடினம். எல்லாக் கணக்குக்கும் தனித்தனிச் சொல்லை மனித மூளை தாங்காது. அதற்கென்றே அமைந்த கடவுச்சொல் பெட்டகச் செயலிகள் உண்டு. அதுவும் ஒவ்வாது என்கிற முதியவர்கள் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி அலமாரியில் பூட்டி வைக்கட்டும். இதைக் கேட்டு நிபுணர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருக்கும் திருடனால் திருநெல்வேலி வீட்டு அலமாரியைத் திறக்க முடியாது என்பதே நமது பதில். அவன் திறப்பது, ஒரு தளத்தில் களவு போன சொல்லை மற்ற நூறு தளங்களிலும் போட்டுப் பார்த்துத்தான். யாஹூ கம்பெனியிலிருந்து 2013-ல் களவு போனவை 100 கோடி கணக்குகள் என்று முதலில் சொல்லி, 2017-ல்தான் 300 கோடியும் போயின என்று ஒப்புக்கொண்டார்கள். அவ்வருஷம் யாஹூ முகவரி வைத்திருந்தவர் எவரும் தப்பவில்லை. தம் முகவரி எந்தெந்தக் கொள்ளையில் அகப்பட்டது என்பதை, ஆஸ்திரேலியர் டிராய் ஹண்ட் 2013-ல் ஏற்படுத்திய 'ஹாவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கடவுச்சொல்லோடு இரண்டாவது அடையாளமும் கேட்கும்படி செய்வது அடுத்தது. ஓ.டி.பி. ஒன்றும் இல்லாததைவிட மேல். கைப்பேசியிலேயே எண் உண்டாக்கும் செயலி அதைவிட மேல். ஓ.டி.பி. வருவது தொலைபேசி எண்ணுக்கு. அந்த எண் நமதா? இங்கே நம்மவர் அடியோடு மறந்திருக்கும் ஒரு சங்கதி உண்டு. தொலைபேசி எண் நமக்குச் சொந்தமன்று, வாடகை. உபயோகிக்காமல் விட்டாலும், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும், அது மற்றொருவருக்குப் போய்விடும். 2023 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் இதைப் பற்றிய மனு ஒன்று வந்தபோது, நின்றுபோன எண்ணைக் குறைந்தது 90 நாள் வரை வேறொருவருக்குத் தருவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்கு ஆணையம் தெரிவித்தது. பழைய எண்ணிலுள்ள வாட்ஸ்அப் செய்திகளை அழித்துக்கொள்வது சந்தாதாரரின் பொறுப்பே என்று கோர்ட்டார் கருதி, மனுவைத் தள்ளினார்கள். தொண்ணூறு நாள்! பாங்கிலும், ஆதாரிலும், அஞ்சலிலும், இன்ஷூரன்ஸிலும் பழைய எண்ணையே வைத்துவிட்டு ஸிம்மைத் தூக்கி எறிகிறவன், தன் வீட்டுக்கு வரும் தபாலையெல்லாம் முன்பின் அறியாதவன் வாசலுக்குத் திருப்பிவிடுகிறான். எண்ணை விடுவதற்கு முன் அது எங்கெங்கே பதிந்திருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றுதல் வேண்டும். நம் பெயரால் நாம் அறியாத ஸிம்கள் ஓடுகின்றனவா என்பதை மத்திய சர்க்காரின் 'ஸஞ்சார் ஸாத்தி' தளத்தில் பார்த்து, அல்லாதவற்றை அங்கேயே மறுக்கலாம். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரகசிய எண் வைத்துக்கொள்வதும், இணைந்திருக்கும் கணினிகளின் ஜாபிதாவைப் பார்த்து அறியாதவற்றை வெளியேற்றுவதும் ஐந்து நிமிஷ வேலை.

ஆதார் படங்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. லாட்ஜிலும், ஜெராக்ஸ் கடையிலும், வீட்டுத் தரகரிடமும் நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அட்டைகள் எத்தனை? 2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், கண்ட இடத்தில் நகல் தராதீர்கள், கடைசி நான்கு எண் மாத்திரம் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று ஓர் அறிக்கை விட்டது. இரண்டே நாளில் மத்திய சர்க்கார், ஜனங்கள் தவறாகப் பொருள்கொள்வர் என்று சொல்லி அதை வாபஸ் வாங்கிற்று. வாபஸ் வாங்கியது அறிக்கையையே. மறைப்பு ஆதார் வசதியை அன்று. அது இருக்கிறது, உபயோகியுங்கள். கேட்டவருக்கு அனுப்பி வேலை முடிந்ததும் இரு புறத்திலும் அழிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

இவ்வளவும் செய்த பின்னும் களவு நேரலாம். நேர்ந்தால் செய்ய வேண்டியது, வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்வதும் பாங்குக்கு எழுத்தில் தெரிவிப்பதும் ஆகும். காலமே பணம் என்பது இங்கே அக்ஷர சத்தியம். 2017 ஜூலையில் ரிஸர்வ் பாங்கு வகுத்த விதி, பாங்கின் மேலும் நம் மேலும் பிழையின்றி மூன்றாம் இடத்திலிருந்து நேர்ந்த களவை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்றது. பிழை வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பாரத்தையும் பாங்கின் தலையில் வைத்தது. ஓ.டி.பி.யைத் தானே சொல்லிக் கொடுத்தவனுக்கோ, தெரிவிக்கும் வரை நேர்ந்த நஷ்டம் முழுதும் அவனுடையதே. பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாக உபயோகிப்பவனுக்கு 2000-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு லக்ஷம் வரை அபராதமும் விதிக்கிறது. பிடித்தால் அல்லவோ!

பேசக் கூசும் விஷயம் ஒன்று எஞ்சியிருக்கிறது. வீட்டுத் தலைவர் கண் மூடினால் இப்பெட்டிகளை யார் திறப்பார்? மாதச் சீட்டு எதில் கட்டினார், பத்திரத்தின் நகல் எங்கே என்று அறியாமல் விதவையும் பிள்ளைகளும் அலைவதை நாம் கோர்ட்டு வாசலில் கண்டிருக்கிறோம். கூகிள் 2013 முதலும் ஆப்பிள் 2021 முதலும், நமக்குப் பின் கணக்கைப் பார்க்கத்தக்கவரை நாமே நியமிக்கும் வசதியை வைத்திருக்கின்றன. உயில் எழுதும் கை இதையும் எழுதலாம். இரண்டு வருஷம் தொடாத கணக்கைக் கூகிள் அழித்துவிடக்கூடும் என்பதையும் அறிந்து வையுங்கள்.

நம்முடைய 122 கணக்குகளில் நான்கு ஞாயிறுக்குப் பின்னும் ஒன்று மூடப்படாமல் நிற்கிறது. சட்டக் கல்லூரி நாளில் திறந்தது. பிறந்த தேதியும், தகப்பனார் பெயரும், அந்நாளைய விலாசமும் அதில் உள. மூட வேண்டுமானால் அதில் பதிந்த தொலைபேசிக்கு வரும் எண்ணைச் சொல்ல வேண்டுமாம். அந்தத் தொலைபேசியை நாம் விட்டுப் பதினேழு வருஷம் ஆகிறது. சென்ற வாரம் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தோம். எங்கோ வடக்கே ஒரு பெண்மணி எடுத்து, 'யார்?' என்று ஹிந்தியில் கேட்டார். கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை.